பழகிப் போன ஓசை



ஓசையில்லாத உலகம் இல்லை. குழந்தை பிறந்தவுடன் அழுகிறது. அந்த ஓசையைக் கேட்டுத்தான் வீட்டார் மகிழ்கின்றனர். ஊர் என்று ஒன்று இருந்தால் அங்கே உழைப்பின் ஓசை உண்டு. விழாவின் ஓசை உண்டு. ஆயினும் எல்லா ஓசையும் ஒன்றல்ல. நாம் விரும்பிக் கேட்பது இசை. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நம் வீட்டுக்குள் நுழைந்து, நம் பேச்சை நிறுத்தி, நம் உறக்கத்தைக் கலைப்பது இரைச்சல். இருப்புப்பாதையின் ஓரத்திலும் விமான நிலையத்தின் அருகிலும் குடியிருக்கும் மக்கள் இந்த இரைச்சலோடு எவ்வாறு வாழ்ந்து வந்தார்கள், அதைக் குறைக்க எவ்வாறு வழி கண்டார்கள் என்பதை இன்று வரலாற்றுக் கண் கொண்டு நோக்குவோம்.

என்னுடைய ஊர் எருமப்பட்டி. நாமக்கல்லிலிருந்து துறையூருக்குச் செல்லும் சாலையில், கொல்லிமலையை அண்டிய சமவெளியில் உள்ளது. விடியலில் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும். கோழிப்பண்ணைகளில் தீவனம் வைக்கும் வேளையில் பல்லாயிரம் கோழிகள் ஒருசேரக் கொக்கரிக்கும். சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போகும். ஆனால் புகைவண்டியின் ஓசை எங்கள் ஊருக்கு எட்டுவதில்லை. ஆகாய விமானமோ மிக உயரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். அதன் ஓசை நம் காதில் விழும்போது விமானம் மலையைத் தாண்டியிருக்கும்.

அப்படியானால் இந்தப் பொருளைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இளமையில் சில காலம் அந்த இரைச்சலின் நடுவே நான் ஆசிரியப் பயிற்சி பெற்றேன். அப்போது ஒரு மாணவனைப் பற்றித் தவறான தீர்ப்பு ஒன்றை எழுதினேன். அது தவறு என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கடனைத் தீர்க்கும் வழியாகவே இன்று உங்களோடு பேசுகிறேன்.

முதலில் இருப்புப்பாதையின் கதையைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஐந்தே ஆண்டுகளில், அதாவது 1861-இல், மதராஸ் இரயில்வே கம்பெனியாரின் பாதை சேலத்தை எட்டிவிட்டது. பின்னர் அது சங்ககிரி, ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்றது. தெற்கே காவிரிக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியையும் கரூரையும் ஈரோட்டையும் இணைக்கும் மற்றொரு பாதை வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே இராசிபுரமும் நாமக்கல்லும் அகப்பட்டுக்கொண்டன. சுற்றிலும் வண்டி ஓட, எங்களுக்கு மட்டும் வண்டியில்லை.

ஆகவே எங்கள் தலைமுறைக்குப் புகைவண்டியின் ஓசை ஒரு தொல்லையாகத் தோன்றவில்லை. கிடைக்காத செல்வமாகவே தோன்றியது. சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைச் சேலம் ஜங்ஷனுக்கு அழைத்துச் சென்றார். நீராவி எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேடையருகே வந்து நின்றது. நான் அஞ்சி அவர் வேட்டியைப் பற்றிக்கொண்டேன். ஆனால் ஊர் திரும்பியதும் ஒரு வார காலம் அந்தக் கூவலை வாயால் எழுப்பிக்கொண்டே தெருவில் ஓடினேன். சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. சேலம் கண்ட புகைவண்டியை நாமக்கல் காண நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின! அன்று பாதையின் இருமருங்கிலும் நின்று கையசைத்த மக்களில் எவரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

இதிலிருந்து நாம் ஓர் உண்மையை அறியலாம். இரைச்சல் என்பது பெரும்பாலும் நன்மை ஒன்றின் நிழலாகவே வருகிறது. வண்டி வேண்டும், விமானம் வேண்டும் என்று நாம் அனைவரும் கேட்கிறோம். அதன் பயனை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. அதன் ஓசையையோ பாதையோரத்தில் குடியிருப்பவர் மட்டுமே ஏற்றுக்கொள்கின்றனர். இந்த ஏற்றத்தாழ்வுதான் இன்றைய பேச்சின் மையப் பொருள்.

புகைவண்டியும் விமானமும் ஒருசேரக் கேட்கும் இடம் ஒன்று நம் தமிழகத்தில் உண்டு. அது சென்னையின் தென்புறத்தில் பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என வரிசையாக அமைந்த பகுதி. வரலாற்று மாணவருக்கு அது புனிதமான மண். 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதனைத் தேடும் ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். கல்லைக் கல்லால் தட்டும் ஓசையே அந்த மண்ணில் மனிதன் எழுப்பிய முதல் தொழில் ஓசை எனலாம்.

அதே பல்லாவரத்தில் 1910-ஆம் ஆண்டு ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்னும் ஓட்டல் அதிபர், சென்னையிலேயே கட்டப்பட்ட சிறு விமானம் ஒன்றில் ஏறிப் பறந்து காட்டினார். 1932-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் பம்பாய்க்கு விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னை வரை கொண்டு வந்தார். பின்னாளில் மீனம்பாக்கத்து நிலையம் வளர்ந்தது. விசிறி பூட்டிய விமானங்களுக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்தன. தரையிலோ, 1931-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றும் திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பெருஞ்சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். தண்டவாளம், பெருஞ்சாலை, ஓடுதளம் ஆகிய மூன்றும் அங்கே அருகருகே அமைந்துள்ளன.

1983-ஆம் ஆண்டு நான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்றேன். 1856-இல், அதாவது இராயபுரத்தில் முதல் வண்டி புறப்பட்ட அதே ஆண்டில், தொடங்கிய பழம்பெரும் கல்லூரி அது. பயிற்சியின் ஒரு பகுதியாகச் சில வாரங்கள் ஏதேனும் ஒரு பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். எனக்குக் கிடைத்த பள்ளி பழவந்தாங்கலுக்கு அப்பால் இருப்புப்பாதையை ஒட்டி இருந்தது. தரையில் மின்சார ரயில். இடையிடையே தென்மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு வண்டி. தலைக்கு மேலே, சக்கரங்களைக் கீழே நீட்டியபடி இறங்கும் விமானம்.

எருமப்பட்டியிலிருந்து சென்ற எனக்கு முதல் நாள் பெரும் திகைப்பாயிற்று. அக்பரின் நிலவரித் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தொலைவில் ஓர் அதிர்வு. சன்னல் கம்பிகள் நடுங்கின. மாணவர்கள் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் குரலை உயர்த்தினேன். வண்டியின் ஓசை அதைவிட உயர்ந்தது. வாயசைவு மட்டுமே மிஞ்சியது. வண்டி சென்ற பின், விட்ட இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். ஓசை தொடங்கியவுடன் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கரும்பலகையில் எதையேனும் எழுதுவார்கள். ஓசை அடங்கியதும் நின்ற சொல்லிலிருந்தே தொடர்வார்கள். ஒரு வாரத்தில் நானும் அதைக் கற்றுக்கொண்டேன்.

சன்னலோரத்தில், பாதையைப் பார்த்த பக்கத்தில், ஒரு மாணவன் அமர்ந்திருந்தான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், விழிப்பான், கேள்வியைத் திரும்பக் கேட்பான். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தடுமாறுவான். இடைவேளையில் அவனை அழைத்து, "ரயில் ஓசை உனக்குத் தொல்லையாக இருக்கிறதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இல்லை சார். எங்க வீடும் லைன் ஓரந்தான். பழகிப்போச்சு சார்" என்றான். நான் அதை அப்படியே நம்பினேன். ஓசை அவனுக்குப் பழகிவிட்டது. ஆகவே குறை ஓசையில் இல்லை, அவனிடமே இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பயிற்சி முடிவில் எழுதிய குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'கவனக் குறைவு. மந்த புத்தி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

பழகிப்போச்சு! அந்தச் சொல் உண்மையா? இதைத் தெரிந்துகொள்ள ஓசையைச் சற்று அளந்து பார்ப்போம்.

ஓசையின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். இது சாதாரண அளவுகோல் அன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றுகிறது. எதிரெதிரே நின்று பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. ஆசிரியரின் குரல் இரைச்சலுக்கு மேலே நன்கு எழுந்து நின்றால்தான் பிள்ளையின் காதில் சொற்கள் பிரிந்து விழும். வளர்ந்தவர்கள் பாதிச் சொல்லைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வார்கள். புதுச் சொல்லை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளை எதைக் கொண்டு ஊகிக்கும்?

ரயில் ஓசைக்குக் காரணம் எஞ்சின் மட்டுமன்று. சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது இரண்டுமே அதிர்கின்றன. முற்காலத்தில் தண்டவாளத் துண்டுகளை இணைப்புத் தகடு வைத்துப் பூட்டினார்கள்; வெயிலில் இரும்பு நீள்வதற்காக இடையே சிறு வெளி விட்டார்கள். அந்த வெளியைச் சக்கரம் தாண்டும்போது எழும் 'தடக் தடக்' என்ற ஓசையைத்தான் நாம் ரயிலின் தாளமாக அறிவோம். ஜெட் விமானத்தின் ஓசைக்குக் காரணம் வேறு. எஞ்சினிலிருந்து பாயும் சூடான காற்று, வெளியே உள்ள அமைதியான காற்றோடு மோதிக் கலங்குகிறது. 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதன் விதியைக் கண்டார். பாயும் காற்றின் வேகம் இரட்டித்தால் எழும் ஒலியாற்றல் 256 மடங்காகும் என்பது அவர் கணக்கு. இதைத் தலைகீழாகப் படித்தால் ஒரு நற்செய்தி கிடைக்கும். வேகத்தைச் சற்றே குறைத்தாலும் ஓசை வெகுவாகக் குறையும். அதனால்தான் பிற்காலத்து எஞ்சின்களில் முன்புறம் பெரிய விசிறி வைத்து, மிகுதியான காற்றை மெதுவாகத் தள்ளுகின்றனர்.

இனிக் கேள்விக்கு வருவோம். மனிதன் ஓசைக்குப் பழகுகிறானா? பின்னாளில் கல்வி உளவியல் நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் நகரத்து ஆராய்ச்சி ஒன்றைக் கண்டேன். படித்து முடித்ததும் நூலை மூடி வைத்துவிட்டேன். மேலே படிக்க மனம் வரவில்லை.

அந்நகரில் மான்ஹாட்டனின் வடகோடியில் ஒரு தொடக்கப்பள்ளி. அதன் அருகே உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை வண்டி வரும், பாடம் நிற்கும். அங்கே பிள்ளையைப் படிக்கவைத்த தாய் ஒருவர், தாம் பயின்ற கல்லூரியின் உளவியல் பேராசிரியை ஆர்லின் பிரான்சாப்டிடம் இதைச் சொன்னார். பேராசிரியை பள்ளிக்குச் சென்றார். பாதையைப் பார்த்த பக்கத்து வகுப்புகளையும் மறுபக்கத்து அமைதியான வகுப்புகளையும் ஒப்பிட்டு, பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்களைக் கணக்கிட்டார். 1975-இல் முடிவு வெளியாயிற்று. ஒரே பள்ளி, ஒரே பாடம். ஆயினும் இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பை எட்டும்போது வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர்! அதன் பின் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் மெத்தைகள் பொருத்தினார்கள்; வகுப்பறைகளின் மேற்கூரையில் ஒலியை உறிஞ்சும் தட்டிகள் அமைத்தார்கள். 1981-இல் மீண்டும் அளந்து பார்த்தபோது இருபக்கத்துப் பிள்ளைகளும் சமமாக வாசித்தனர். மந்த புத்தி என்பது எங்கே போயிற்று?

இரண்டாவது சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. 1992-ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூனிக் நகரின் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு, வேறிடத்தில் புதிய நிலையத்தைத் திறந்தார்கள். அறிஞர்கள் இதை முன்கூட்டியே அறிந்து, இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் திறப்புக்கு முன்பும் பின்பும் சோதித்தனர். பழைய நிலையத்தின் அருகில் இருந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின. புதிய நிலையத்தின் அருகில் இருந்த பிள்ளைகளுக்கு அவை தளர்ந்தன. இரத்த அழுத்தமும் கூடியது. 2002-இல் வெளியான இந்த ஆராய்ச்சி நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, பழகிவிட்டோம் என்று வாய் சொன்னாலும் உடல் பழகுவதில்லை. உறக்கத்தின் நடுவிலும் அது ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மற்றொன்று, இரைச்சல் நீங்கினால் இழந்ததைப் பெரும்பாலும் மீட்கலாம்.

அந்தச் சிறுவன் பொய் சொல்லவில்லை. காது பழகியதை அவன் சொன்னான். இரைச்சலை ஒதுக்கப் பழகிய பிள்ளை, அதனோடு சேர்த்து ஆசிரியரின் சொல்லையும் ஒதுக்கப் பழகிவிடுகிறது. இதை அறியவேண்டிய பொறுப்பு அவனுடையதன்று, என்னுடையது.

அடுத்து, மக்கள் நீதி கேட்ட வரலாற்றைப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டத்து மாணவர்கள் இதைத் தனிக் கவனத்துடன் கேட்க வேண்டும். ஏனெனில் இது ஒரு கோழிப்பண்ணைக்காரரின் கதை.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் தாமஸ் லீ காஸ்பி என்பவர் மூன்று ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் கோழி வளர்த்து வந்தார். பக்கத்தில் ஒரு சிறு விமான நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அரசு அதைப் படை விமானங்களுக்கு எடுத்துக்கொண்டது. குண்டுவீச்சு விமானங்கள் அவர் வீட்டுக் கூரைக்கு 67 அடி உயரத்தில் பறந்து இறங்கின. கோழிகள் அஞ்சிப் பறந்து சுவரில் மோதி இறந்தன. ஒரே நாளில் ஆறு முதல் பத்து வரை. மொத்தம் சுமார் 150 கோழிகள். முட்டையும் குறைந்தது. வீட்டாருக்கு உறக்கமில்லை. இறுதியில் அவர் பண்ணையையே கைவிட்டு, அரசின் மீது வழக்குத் தொடுத்தார். நிலத்தை உடையவனுக்கு அதன் மேலுள்ள வானம் முழுவதும் சொந்தம் என்பது பழைய சட்டக் கருத்து. அது விமான யுகத்துக்குப் பொருந்தாது என்று 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும், நிலத்தைப் பயன்படுத்தவே முடியாதபடி அவ்வளவு தாழ்வாக அடிக்கடி பறந்தால், அது நிலத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும். அதற்கு ஈடு தரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கோழி வளர்க்கும் எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீபாவளி வெடிக்கே கூண்டில் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிபடுவதைக் கண்டவர்கள் நாங்கள்.

ஜப்பானில் ஒசாகா நகரின் இடாமி விமான நிலையத்தருகே குடியிருந்தோர் 1969-இல் நீதிமன்றம் சென்றனர். 1975-இல் உயர் நீதிமன்றம் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானம் பறக்கக்கூடாது என்றது. 1981-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் சட்டப்படி ஏற்கவில்லை. ஆனால் கடந்த காலத் துன்பத்துக்கு ஈடு தரவேண்டும் என்பதை ஏற்றது. ஆயினும் இரவு 9 மணிக்குப் பின் ஓடுதளத்தை அமைதியாக விடும் வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. 1994-இல் அந்நாட்டார் கடலுக்குள் செயற்கைத் தீவு ஒன்றை எழுப்பி, அதன்மேல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தனர். பன்னாட்டு விமானங்கள் அங்கே சென்றன.

நம் நாட்டின் நிலை என்ன? காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. 1987-இல் அதைத் திருத்தி, இரைச்சலையும் மாசுகளின் பட்டியலில் சேர்த்தனர். புகையைப் போல் ஓசையும் அழுக்கே என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய படி. 2000-ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்தன. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமளித்தன. விமான நிலையங்களின் சுற்றுப்புறத்துக்கு எனத் தனி வரம்புகள் 2018-இல் வெளியாயின. விதிகள் ஏட்டில் உள்ளன. அவற்றை வீட்டு வாசல் வரை கொண்டுவருவது குடிமக்களின் விழிப்பைப் பொறுத்தது.

தொழில் நுட்பமும் துணை செய்திருக்கிறது. நீராவி எஞ்சின் போய் மின் எஞ்சின் வந்தது. தண்டவாளங்களை நெடுந்தூரம் ஒன்றாகப் பற்றவைத்ததால் 'தடக் தடக்' ஓசை பெரும்பாலும் மறைந்தது. ஆளில்லா ரயில்வே கேட் உள்ள இடத்தில் ஓட்டுநர் நீளமாக ஊதியே தீரவேண்டும். அகலப் பாதையில் அத்தகைய கேட்டுகள் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் நீக்கப்பட்டன. அதனால் உயிர்கள் தப்பின. ஊதலுக்குரிய காரணமும் குறைந்தது. விமானங்களுக்கு 1971-இல் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஓசை வரம்பு விதித்தது. ஒரு விமானத்தின் ஓசை அன்றைவிட இன்று மிகக் குறைவு. ஆனால் விமானங்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது.

ஒன்றை மட்டும் நாம் மறக்கக்கூடாது. குளிர் நாட்டார் இரட்டைக் கண்ணாடிச் சன்னலை மூடிக்கொண்டு இரைச்சலைத் தடுக்கின்றனர். சித்திரை வெயிலில் சேலத்துச் சமவெளியில் சன்னலை மூடினால் வகுப்பறை அடுப்பாகிவிடும். ஆகவே நமக்கு உகந்த வழி, தொடக்கத்திலேயே தூரம் விட்டுத் திட்டமிடுவதுதான். தூரம் இரட்டித்தால் நீண்ட ரயிலின் ஓசை ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். ஒரே புள்ளியிலிருந்து எழும் ஓசை 6 டெசிபல் குறையும். ஒரு வரிசை மரம் நிழல் தரும், கண்ணுக்குக் குளிர்ச்சி தரும், ஓசையைத் தடுக்காது. அதற்கு இடைவெளியில்லாத சுவரோ மண் கரையோ வேண்டும்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ரயில் பாதையருகில் இல்லை, பெருஞ்சாலையருகில் இருந்தது. நியூயார்க் ஆராய்ச்சியைப் படித்த மறுவாரம், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மாணவனிடம் தாளைக் கொடுத்து, வெளியோசையால் பாடம் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொன்னேன். மாலையில் தாள்களை மேசைமேல் பரப்பினோம். சாலைப் பக்கத்துத் தாள்கள் கோடுகளால் நிறைந்திருந்தன. உட்புறத்துத் தாள்கள் வெறுமையாயிருந்தன. சாலைப் பக்கத்து அறைகளில் அதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை உட்புறத்துக்கு மாற்றி, அந்த அறைகளை ஆய்வுக்கூடமாகவும் பொருள் வைக்கும் அறையாகவும் ஆக்கினோம். இதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. செய்ய மனம் வருவதற்குத்தான் எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மாணவச் செல்வங்களே, இந்த வரலாற்றில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காஸ்பி தம் கோழிகளை எண்ணினார். பேராசிரியை மதிப்பெண்களை எண்ணினார். ஒசாகா மக்கள் உறக்கமிழந்த இரவுகளை எண்ணினார்கள். எண்ணிக் காட்டிய இடத்தில்தான் மாற்றம் வந்தது. பழகிவிட்டது என்று சொல்லி வாயை மூடிக்கொண்ட இடத்தில் வரவில்லை. வண்டியும் விமானமும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் வண்டிக்காகக் காத்திருந்த ஊர்க்காரன் அப்படிச் சொல்ல முடியாது. அதன் பயனில் எல்லோருக்கும் பங்கு உண்டென்றால், அதன் ஓசையைக் குறைக்கும் செலவிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதே என் வேண்டுகோள்.

உங்களில் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் பொறியாளராவீர்கள், சிலர் பாதை எங்கே போகவேண்டும் என்று வரைபடத்தில் கோடு கிழிக்கும் அதிகாரியாவீர்கள். அப்போது அந்தக் கோட்டின் இருபுறமும் வீடுகளும் பள்ளிகளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பின்தங்கிய பிள்ளை ஒன்றைக் கண்டால், அதன் பெயருக்கு எதிரே ஒரு சொல்லை எழுதுமுன், அது அமர்ந்திருக்கும் இடத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள்.

அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியிருப்பான். என் குறிப்பேடும் எந்தக் காலத்திலோ செல்லரித்துப் போயிருக்கும். அதில் நான் எழுதியதை என்னால் அழிக்க முடியவில்லை. ஆகவே அதற்குத் திருத்தமாக இந்த வானொலிப் பேச்சை எழுதியிருக்கிறேன்: அவன் மந்த புத்தி உள்ளவன் அல்லன்; அவனுக்கு என் குரல் கேட்கவில்லை.